கிளாரி கிள்ளின தக்காளிச் செடி

என் தங்கச்சி நோலாவோட புருஷன் கிளாரி விக்கன்ஸுக்கு எழுபத்தோரு வயசாகுது. இந்த எழுபத்தோரு வருஷத்துல "எனக்குத் தெரியாது"ன்னு அவன் வாயில ஒரு தடவை வந்து நான் கேட்டதில்ல. இத்தனைக்கும் நான் நாப்பத்தி மூணு வருஷமா பக்கத்து வீடு. நடுவுல ஒரு பலகை வேலிதான். அவன் தும்மினா எனக்குக் கேக்கும்.

ஆத்தோரத்துல இருக்கற காகித ஆலையில முப்பத்தி நாலு வருஷம் வேலை பாத்தான். என்ன வேலைங்கறீங்க? ஒரு கண்ணாடி வட்டத்துக்குள்ள ஒரு முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும். அது சிவப்புக் கோட்டைத் தாண்டினா ஒரு பொத்தானை அமுக்கணும். இவ்வளவுதான். "எத்தனை தடவை தாண்டுச்சு?"ன்னு நோலா ஒருநாள் கேட்டா. "ரெண்டு தடவை"ன்னான், நெஞ்சை நிமித்திக்கிட்டு. அந்த ரெண்டு தடவை அவன் அங்க இல்லாம போயிருந்தா இந்த டாஸ்மேனியாத் தீவே கடல்ல முங்கியிருக்கும்கற மாதிரி ஒரு முகம். ஆலையில இருந்து ரிட்டயர் ஆகி வெளிய வந்ததும் பாக்கறதுக்கு முள்ளு இல்லாம போச்சு. அதனால, வேலையில இருக்கும்போதே வளத்துக்கிட்டு இருந்த தன் செடி போதாதுன்னு, எங்க தெருவுல இருக்கற எல்லாத் தக்காளிச் செடியையும் பாக்க ஆரம்பிச்சுட்டான்.

தக்காளி வளக்கறது டாஸ்மேனியாவுல என்ன லட்சணம்னு உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு டிசம்பர்லதான் கோடை பொறக்கும். அக்டோபர் கடைசியில தலைநகர் ஹோபார்ட்ல நடக்கற பொருட்காட்சிக்கு லீவு விடுவாங்க. அந்த லீவுக்கு முந்தி நாத்தை மண்ணுல வச்சா, ஒரே ராத்திரியில பனி கருக்கிட்டுப் போயிரும். லீவுக்கப்புறம் வச்சா, கிறிஸ்துமஸுக்கு ஒன்பது வாரம் கூட முழுசா கிடையாது. அந்த ஒன்பது வாரத்துக்குள்ள ஒரு பழத்தைச் செவக்க வச்சு, கிறிஸ்துமஸ் மத்தியானச் சாப்பாட்டு மேசையில வச்சுட்டா, எங்க ஊர் ஆம்பளைங்களுக்குத் தலையில கொம்பு முளைச்சிரும். அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் கடைத்தெருவுல மத்தவன் பேசினா காதுல வாங்க மாட்டானுங்க.

கிளாரிக்குக் கொம்பு முளைச்சு இருபத்தாறு வருஷமாச்சு. வருஷம் தவறாம மேசையில ஒரு பழம். சில வருஷம் கோலிக்குண்டு அளவுக்கு இருக்கும். ஒரு வருஷம் பாதிதான் செவந்திருந்துச்சு. செவந்த பக்கத்தை விருந்தாளிங்க பக்கம் திருப்பி வச்சுட்டு, தட்டை யாரும் நகத்திராம கையால பிடிச்சுக்கிட்டே ஹாம் தின்னான். அது என் கண்ணால பாத்தது.

அந்தக் கொம்போட நிறுத்திக்கிட்டானா? இல்ல. தக்காளித் தண்டுக்கும் இலைக்காம்புக்கும் நடு இடுக்குல ஒரு கொழுந்து விடும். அதை விட்டுவச்சா செடி புதரா மண்டிரும், காய் பிந்தும். கிள்ளணும், வாஸ்தவம்தான். உன் செடியை நீ கிள்ளிக்கோ. ஊரான் வீட்டுச் செடியை உன்னை யாருடா கிள்ளச் சொன்னது? நவம்பர் வந்துட்டா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க தெருவுல ஏழு வீட்டுக்கும் தோட்டத்து வழியாவே நுழைஞ்சிருவான். கூப்பிட வேண்டியதே இல்ல. உதட்டுல தானே சுருட்டின சிகரெட்டு, சட்டைப் பையில புகையிலை டப்பா. மஞ்சக்காமாலை வந்த மாதிரி ரெண்டு விரலு, அந்த விரலால டக் டக்னு கிள்ளிக்கிட்டே போவான். போறப்போ வீட்டுக்காரன்கிட்ட "உனக்குக் கை வராது, விடு"ன்னு ஒரு சர்டிபிகேட்டும் குடுத்துட்டுப் போவான்.

என் தோட்டத்துக்கு மட்டும் வர முடியாது. நான் கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கேன். ஒரு தடவை என் வெங்காயப் பாத்தியை மிதிச்சு நாசம் பண்ணிட்டு, "ஆழமா நட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா ரோனா?"ன்னு என்னையே கேட்டான். அன்னிக்கே கடைக்குப் போயி பூட்டு வாங்கினேன்.

இவனைக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி எப்படி இருந்தான்னு கேக்காதீங்க. இருந்தா. அவளுக்கு ஒரே பிள்ளை, பிரெட். பதினோரு வருஷத்துக்கு முந்தி வடக்க வெயில் கொதிக்கற குவீன்ஸ்லாந்துக்கு வேலைக்குப் போனவன், போன வருஷம் ஆகஸ்ட்ல பொண்டாட்டி கிர்ஸ்டனைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னான். கிர்ஸ்டன் அப்பத்தான் முழுகாம ஆகியிருந்தா. எங்க தெருக்கோடியில ஒரு வீடு விலைக்கு வந்திருந்துச்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்பா அம்மா வீட்டுல இருந்து பாக்கறது, ஒத்துப்போனா அந்த வீட்டை வாங்கிக்கிட்டு இங்கயே தங்கறது, இல்லேன்னா திரும்பிப் போயிர்றதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தாங்க.

அவங்க வந்த அன்னிக்குச் சாயங்காலம் நோலா வேலிக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அழற வழக்கம் கிடையாது அவளுக்கு. "ரோனா, பேரப்பிள்ளை நடக்கறதை நான் பாக்கணும். போன்ல இல்ல, இந்தத் தெருவுல. இவன் வாயைக் கொஞ்சம் மூடிட்டு இருந்தான்னா போதும்"னா.

"அது ஆகற காரியமா?"ன்னு கேட்டேன்.

"நாலு மாசம்தானே"ன்னா.

கிர்ஸ்டனோட அப்பனுக்குக் குவீன்ஸ்லாந்துல தக்காளித் தோட்டம். நம்ம மாதிரி ஆறு செடி இல்ல, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தக்காளி. அவ நடக்கப் பழகினதே வரப்புலதான். வந்த வாரமே இங்க கடையில விதை வாங்கி, ஜன்னலோரம் ஒரு தட்டுல போட்டு, சீக்கு இல்லாம தண்டு உருண்டையா ஒன்பது நாத்து எடுத்தா. ஆறு மாமனாருக்கு, மூணு எனக்கு. கிளாரி தன் பங்குல ஒண்ணை உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"குவீன்ஸ்லாந்துக்காரங்க குளிர்காலத்துல தக்காளி போடறவங்க. உங்களுக்கு என்னம்மா தெரியும் தக்காளியைப் பத்தி? அங்க கல்லைப் புதைச்சாலும் காய்க்கும்."

"அப்போ இங்க என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க, கிளாரி"ன்னா அவ சிரிச்சுக்கிட்டே. நல்ல பொண்ணு. நானா இருந்தா தட்டோட தூக்கித் தலையில கவுத்திருப்பேன்.

லீவு நாளுக்கு மறுநாள் நாத்து மண்ணுக்குப் போச்சு. ஆட்டுப்புழுக்கை, மண்ணு காயாம பட்டாணித் தட்டை மூடாக்கு, முட்டுக்குச்சி, கட்டறதுக்கு நோலாவோட பழைய காலுறை, எல்லாம் முறைப்படிதான். அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். மொதல் சனிக்கிழமை கிளாரி சிகரெட்டைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டுச் செடிகிட்ட குனிஞ்சான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் அவரைக்குக் கொம்பு ஊனிக்கிட்டு இருந்தேன்.

"கிளாரி, ஒரு நிமிஷம்"னா கிர்ஸ்டன். "கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தொடுங்களேன். புகையிலையும் தக்காளியும் ஒரே சாதி. புகையிலையில இருக்கற நோய் கை வழியா செடிக்கு வந்துரும். எங்க அப்பா சிகரெட் பிடிக்கறவங்களைக் கை கழுவாம பாத்திக்குள்ளயே விட மாட்டார்."

கிளாரி நிமிந்தான். சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு, எதிர் வீட்டு ஆர்தர் என்னமோ ஏதோன்னு வெளிய வந்து எட்டிப் பாத்தான். "ஆர்தர், கேட்டியா? என் கையில கிருமியாம்! தக்காளிக்குச் சளி பிடிச்சிருமாம்! இருபத்தாறு வருஷமா இந்தக் கைதான்யா கிள்ளுது!" அப்புறம் அவ கண்ணு முன்னாலயே கிள்ளினான், ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணிக்கிட்டே. அவ உள்ள போயிட்டா.

இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கான், அதுதான் உண்மை. இந்த வருஷம் என்ன புகையிலை வாங்கினானோ, யார்கிட்ட வாங்கினானோ, தப்பிக்கல. நவம்பர் கடைசியில அவன் செடியில இலையெல்லாம் திட்டுத்திட்டா வெளுத்துச்சு. கொழுந்து சுருண்டு, நூலு மாதிரி ஒல்லியாப் போச்சு. பூ உதிந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு ஆர்தர் வீட்டுலயும் அதே. அதுக்கடுத்த வாரம் ஏழு வீட்டுலயும். சனிக்கிழமை ஊர்வலம் எந்த வரிசையில போச்சோ அதே வரிசையில நோயும் போயிருக்கு. சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரிஞ்சிருக்கும். கிளாரிக்குப் புரிஞ்சது வேற.

"இது குவீன்ஸ்லாந்து வியாதி"ன்னான்.

எங்க சொன்னான்? மாமிசக் கடையில, வரிசையில நின்னுக்கிட்டு, எல்லாரும் கேக்க. மருமக அவ ஊர்ல இருந்து கொண்டாந்துட்டாளாம். விதை இங்க வாங்கினதுதான்னு பிரெட் சொன்னா, அப்போ செருப்புல வந்திருக்குமாம். கப்பல்ல இருந்து இறங்கற எடத்துல, செடி கொடி கொண்டாராங்களான்னு பையை மோந்து பாக்கற நாய் ஒண்ணும் கண்டுபிடிக்கலையேன்னா, நாய்க்கு மூக்கடைப்பாம். அட கடவுளே, இந்த மனுஷன் ஒத்துக்கறதுக்குப் பதிலா ஒரு நாய்க்கு மூக்கடைப்பு வர வச்சான்! இதைக் கேட்டு ஏழு வீட்டுக்காரங்களும் தலையாட்டினாங்க. கிர்ஸ்டன் தெருவுல நடந்தா, ஆர்தர் பொண்டாட்டி கதவுகிட்ட நின்னு அவ செருப்பையே பாத்தா. அதுவும் கிர்ஸ்டன் பிள்ளைத்தாச்சி.

பிரெட் ஒருநாள் வேலிகிட்ட வந்தான். "ரோனா பெரியம்மா, உங்க செடி மூணும் நல்லாத்தானே இருக்கு?"

"வந்து பாரு"ன்னு கேட்டைத் திறந்து விட்டேன். நல்லா வெயில் விழற, வடக்குப் பாத்த செங்கல் சுவத்தை ஒட்டி, பழைய ஜன்னல் கண்ணாடியைச் சாச்சு வச்சு வளத்தது. கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தா காய். அவன் குனிஞ்சு ஒவ்வொரு இலையா பாத்தான்.

"அதே தட்டு நாத்துதான். உங்கப்பன் கை மட்டும்தான் படல"ன்னேன்.

"தெரியும் பெரியம்மா. அவருக்கும் தெரியணுமே."

அதுக்குன்னு கிளாரியே ஒரு வழி பண்ணிக் குடுத்தான். திமிரு. ஒரு இலையைப் பறிச்சு உறையில போட்டு, ஹோபார்ட்ல பயிர் நோய் பாக்கற ஆபீசுக்கு அனுப்பினான். "அரசாங்கமே சொல்லட்டும் இது எந்த ஊரு வியாதின்னு"ன்னு எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு, தபால்காரனை வாசல்லயே வழி மறிக்க ஆரம்பிச்சான்.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருக்கச்ச பதில் வந்துச்சு. அவன் அதைப் பத்தி மூச்சு விடல. ஆனா நோலா அவன் சட்டையைத் துவைக்க எடுத்தா, பையில காகிதம். என்கிட்ட கொண்டாந்து காட்டினா. நாலே வரி. புகையிலையால பரவற நோய். செடியைக் கையாளறவங்க யாராவது புகைக்கறவங்களா இருந்தா கையைக் கழுவிட்டுத் தொடணும், நோய் வந்த செடியைப் பிடுங்கி அழிக்கணும்.

"போயி மூஞ்சியில விட்டெறி"ன்னேன்.

"இல்ல"ன்னா நோலா. காகிதத்தை நாலா மடிச்சா. "இதை நான் எடுத்துக் காட்டினா அவனைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆகும். அவன் வாயால சொல்லணும். கிறிஸ்துமஸ் அன்னிக்கு எல்லாரும் இருப்பாங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்தப் பொண்ணு தங்கிருவா. பிரெட் சொல்லிட்டான், அவ எதிர்பாக்கறது அது ஒண்ணுதான்னு." சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டு, இஸ்திரி பண்ணி, காகிதத்தைத் திரும்ப அதே பையில வச்சுட்டா. அவன் பாத்திருப்பான், அவளுக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாளு ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல.

கிறிஸ்துமஸ் மத்தியானம். நோலா, பிரெட், கிர்ஸ்டன், நான், ஆர்தரும் அவன் பொண்டாட்டியும். ஹாம், இறால், உருளைக்கிழங்கு சாலட், எல்லாம் மேசையில. நான் என் செடியில பழுத்த ரெண்டு தக்காளியை ஒரு தட்டுல கொண்டு போயிருந்தேன். நல்ல பெருசு. ரத்தச் சிவப்பு.

சாப்பிட உக்காந்ததும் நோலா சொன்னா, ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னா: "கிளாரி, நீ என்னமோ சொல்லணும்னு நெனச்சிருந்தியே, எல்லாரும் இருக்காங்க, சொல்லேன்."

அவன் எழுந்திருச்சான். எனக்கே மனசு இளகிருச்சு, பரவால்லையே, ஆம்பளைதான்னு நெனச்சேன். சட்டைப் பையைத் தடவினான். கிர்ஸ்டன் தலையை நிமித்தி அவனையே பாத்தா. பிரெட் அவ கையை மேசைக்கடியில பிடிச்சுக்கிட்டான். கிளாரி தொண்டையைச் செருமினான். அப்புறம் கையை நீட்டி என் தட்டுல இருந்து ஒரு தக்காளியை எடுத்து எல்லாரும் பாக்கத் தூக்கிப் பிடிச்சான்.

"இருபத்தேழு! எவ்வளவு வியாதி வந்தாலும் இந்த வீட்டு மேசையில கிறிஸ்துமஸுக்குத் தக்காளி இல்லாம இருந்ததில்ல. ரோனா வேலிக்கு அந்தப் பக்கம் வளத்தாலும் நாத்து என்னவோ நம்ம வீட்டு நாத்துதானே!"

ஆர்தர் கை தட்டினான். மடையன். வேற யாரும் தட்டல.

"அந்த நாத்து யாரு போட்டது கிளாரி?"ன்னு கேட்டா நோலா.

"நம்ம வீட்டுலதான்..."

"யாரு போட்டதுன்னு கேட்டேன். பழுத்தா நம்ம வீட்டு நாத்து, வெளுத்தா குவீன்ஸ்லாந்து நாத்தா? ஒரே தட்டு. ஒன்பது நாத்து. நான்தான் தினமும் தண்ணி தெளிச்சேன்."

கிளாரி தக்காளியைக் கையில வச்சுக்கிட்டே நின்னான். அந்தப் பொண்ணு இன்னும் அவன் முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிரல, அப்பவும் ஒரு வார்த்தை போதும். அவன் உக்காந்தான். கத்தியை எடுத்தான். தக்காளியை வில்லை வில்லையா நறுக்கி, வினிகரைத் தெளிச்சு, "ஹாம் நல்லா வந்திருக்கு இந்த வருஷம்"னான்.

கிர்ஸ்டன் மெதுவா எழுந்து ரூமுக்குப் போனா. அழல. பெட்டியை இழுக்கற சத்தம் கேட்டுச்சு. பிரெட்டும் எழுந்தான். நோலா அவனை நிமிந்து பாத்து, "பிரெட், உன் கார்ல பின் சீட்டு காலியா இருக்கா?"ன்னா.

"இருக்கும்மா."

"சரி. பிரசவத்துக்கு ஒரு பொம்பளை கூட இருக்கணும்."

கிளாரி இன்னொரு வில்லை தக்காளி எடுத்து வாயில போட்டுக்கிட்டான். நோலா சும்மா மெரட்டறான்னு நெனச்சிருக்கான், களவாணிப் பய. மூணாம் நாள் காலையில மூணு பேரும் காரைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. தெருக்கோடி வீட்டை ஹோபார்ட்ல இருந்து யாரோ ஒரு டீச்சர் வாங்கினாங்க.

ஏப்ரல் கடைசியில பொண்ணு பொறந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் கழிச்சு கிளாரி வேலிக்கு வந்தான். நல்ல குளிரு. கையை ரெண்டு பாக்கெட்டுலயும் விட்டுக்கிட்டு, என் முகத்தைப் பாக்காம, என் முட்டைக்கோஸைப் பாத்துக்கிட்டு நின்னான்.

"ரோனா. அது என் கைதான். எனக்குத் தெரியும்."

"அதை ஏன்டா எங்கிட்ட சொல்றே? என் செடியா செத்துச்சு? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. உள்ள போன் இருக்கு."

"இந்த நேரத்துக்குத் தூங்கிக்கிட்டு இருப்பாங்க."

"மத்தியானம் மூணு மணிக்கா?"

"குழந்தை தூங்கும்ல"ன்னான். போயிட்டான்.

ஞாயித்துக்கிழமை தோறும் நோலாவுக்கு அவன் போன் பண்ணுவான். மழை பெஞ்சுதா, வெயில் அடிச்சுதான்னு ரெண்டு நிமிஷம் பேசுவான். கிர்ஸ்டன் பக்கத்துலதான் இருப்பா, போனைக் குடுன்னு கேக்க மாட்டான். அது முடிஞ்சதும் நோலா எனக்குப் பண்ணுவா. என்ன பேச ஆரம்பிச்சாலும் மொதல்ல ஒரே கேள்விதான்: "இந்த வாரமாவது அவகிட்ட சொல்லணும்கற எண்ணம் அவனுக்கு இருக்கா ரோனா? உன்கிட்ட ஏதாவது சொன்னானா?" நான் என்னத்தைச் சொல்ல? வேலிக்கு மேல எட்டிப் பாப்பேன். புதுசா வந்த டீச்சருக்குச் செடி எப்படிக் கிள்ளறதுன்னு கைய ஆட்டிப் பாடம் நடத்திக்கிட்டு நிப்பான். "இல்லடி"ம்பேன். "சரி"ம்பா. பத்து மாசமா இதேதான்.

இந்த ஞாயித்துக்கிழமையும் பண்ணினா. பாப்பா குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பாக்குதாம். கிர்ஸ்டனோட அப்பா நோலாவுக்குன்னு ஒரு ரூம் கட்டிக் குடுக்கறாராம். "நான் அங்க விட்டுட்டு வந்த குளிர்கோட்டை யாருக்காவது குடுத்துரு, இங்க தேவைப்படாது"ன்னா. அப்புறம் வச்சுட்டா. கிளாரியைப் பத்திக் கேக்கவே இல்ல.

நான் போனைக் கையில வச்சுக்கிட்டே வெளிய வந்தேன். அவன் வேலிகிட்டயே காத்துக்கிட்டு நின்னான், நாத்துக்குக் குழி வெட்டின மண்ணோட.

"என்ன சொன்னா? நான் சொல்லிட்டேனான்னு இன்னிக்கும் கேட்டாளா?"

"இல்ல. இன்னிக்கு ஒண்ணும் கேக்கல"ன்னேன்.

அவன் முகம் அப்படியே மலந்துருச்சு. "பாத்தியா ரோனா? நான் சொன்னேன்ல, விட்டுப் பிடிக்கணும்னு. கோவம் போயிருச்சு அவளுக்கு"ன்னு சொல்லிட்டு, விசிலடிச்சுக்கிட்டே குழி வெட்டப் போயிட்டான்.